சாவி கொடுக்கும் கிராமபோனின் ஸ்பிரிங் மோட்டாரைச் சீரமைக்கும் முறை

பரணிலிருந்து இறக்கப்படும் பழைய கிராமபோன்களைப் பற்றிப் பெரும்பாலும் "ஸ்பிரிங் போய்விட்டது" என்றே சொல்கிறார்கள். திறந்து பார்த்தால் பல பெட்டிகளில் ஸ்பிரிங் முழுசாகவே இருக்கிறது. ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையே பல பத்தாண்டுகளுக்கு முன் பூசிய கிரீஸ்தான் இறுகி, கறுத்து, கோந்தாக மாறியிருக்கிறது. ஆகவே மோட்டாரைச் சீரமைக்க முனைபவர் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டியது, எதையும் மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் சுத்தம் செய்வது என்பதைத்தான்.

இங்கே சொல்லும் முறைக்கு நான் மனத்தில் வைத்திருப்பது எச்.எம்.வி. 102 என்ற கையடக்கப் பெட்டி. 1931-இல் வெளிவந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் விற்பனையில் இருந்த இந்தப் பெட்டி இந்திய வீடுகளில் மிகுதியாகப் புழங்கியது. இன்றும் பழைய பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஒற்றை ஸ்பிரிங் கொண்ட இதன் மோட்டாரைப் புரிந்துகொண்டால், தோரன்ஸ், காரர்ட் போன்ற நிறுவனங்களின் மோட்டார்களையும் தயக்கமின்றித் திறக்கலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பித்தளைப் புனலும் புத்தம் புதிய மரப்பெட்டியுமாக விற்கப்படும் "பழைய" கிராமபோன்கள் பலவற்றின் உள்ளேயும் இத்தகைய கையடக்கப் பெட்டிகளிலிருந்து கழற்றிய மோட்டார்தான் இருக்கிறது என்பதால், அவற்றை வாங்கியவர்களுக்கும் இது பயன்படும்.

மோட்டார் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்கும்போது, டிரம் என்று அழைக்கப்படும் வட்ட உருளைக்குள் இருக்கும் நீண்ட எஃகுப் பட்டை அதன் நடு அச்சைச் சுற்றி இறுகுகிறது. பட்டையின் உள்முனையில் உள்ள துளை அச்சின் கொக்கியிலும், வெளிமுனையின் துளை டிரம்மின் உட்சுவரில் உள்ள குமிழிலும் மாட்டியிருக்கின்றன. இறுகிய பட்டை விரிய முற்படும்போது டிரம் மெதுவாக, ஆனால் மிகுந்த விசையோடு சுழல்கிறது; அந்தச் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வேகப்படுத்தி, இசைத்தட்டை வைக்கும் சுழல் தட்டைத் தாங்கும் தண்டுக்குக் கொண்டுபோகின்றன. இந்த வேகத்துக்குக் கடிவாளம் போடுவது கவர்னர். மெல்லிய தகடு ஸ்பிரிங்குகளில் பொருத்திய மூன்று எடைகள், தண்டின் சுழற்சியால் நிமிடத்துக்குப் பல நூறு சுற்றுகள் சுழன்று, வெளிநோக்கி விரியும்போது ஒரு சிறிய வட்டத்தகட்டை இழுக்கின்றன. அந்தத் தகடு எண்ணெயில் ஊறிய தோல் அல்லது கம்பளித் துண்டின் மீது உரசி வேகத்தை நிறுத்திப் பிடிக்கிறது. 1896-இல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன், கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினரின் பெட்டிக்காகச் செய்து கொடுத்த ஸ்பிரிங் மோட்டாரிலிருந்து கையடக்கப் பெட்டிகள் வரை இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்குக் காதும் கையுமே போதும். சாவி கொடுக்கும்போது கை எந்த எதிர்ப்பையும் உணராமல் கைப்பிடி சும்மா சுற்றினால், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் அல்லது அதன் ஒரு முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். எதிர்ப்பு இருந்தும் கையை விட்டதும் கைப்பிடி பின்னோக்கித் திரும்பினால், அதைத் தடுக்கும் பூட்டுப் பல்லோ கிளட்ச் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது. தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து "தொம்" என்று ஓர் ஓசை எழுந்து, பாட்டின் சுருதி ஒரு கணம் தடுமாறினால் கிரீஸ் இறுகிவிட்டது. ஒட்டிக்கொண்ட சுருள்கள் திடீரென்று பிரியும் ஓசை அது. பாட்டு முழுவதும் சுருதி அலையலையாக ஏறி இறங்கினால் கவர்னரைச் சந்தேகிக்க வேண்டும். முழுவதும் சாவி கொடுத்த பிறகும் தட்டு அசையவே இல்லையென்றால், "அளவுக்கு மேல் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்வது வழக்கம். அதை நான் ஏற்பதில்லை. நல்ல மோட்டாரில் ஸ்பிரிங் முழுவதும் இறுகியிருப்பது இயல்பான நிலைதான். இறுகிய ஸ்பிரிங் ஓடாமல் நிற்கிறதென்றால், பல்சக்கரத் தொடரிலோ கவர்னரிலோ ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஒன்றுதான் இருக்கிறது: ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் விசை. சாவி கொடுத்த நிலையில் மோட்டாரின் திருகாணிகளைக் கழற்றினால், பல்சக்கரங்கள் கட்டுப்பாடின்றிச் சுழன்று பற்கள் உடைவதோடு விரலும் நசுங்கிவிடும். தட்டைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்ட பிறகும் சிறிது விசை எஞ்சியிருக்கும் என்பதால், கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, பூட்டுப் பல்லைத் திருப்புளியால் விலக்கி, பாதிச் சுற்று பாதிச் சுற்றாகப் பின்னோக்கி விட்டுக்கொண்டே வர வேண்டும். கைப்பிடி கையில் தொளதொளவென்று ஆடும்போதுதான் ஸ்பிரிங் உண்மையில் இறங்கியிருக்கிறது. சாவி ஏறிய நிலையில் சிக்கி நிற்கும் மோட்டாரில் இந்த எச்சரிக்கை இருமடங்காகப் பொருந்தும். அவ்விடத்தில் கவர்னரைக் கழற்றி விடுவிக்கலாம் என்று எண்ணவே கூடாது. கவர்னர் விலகிய மறுகணமே மொத்த விசையும் பல்சக்கரங்களின் மேல் பாய்ந்துவிடும். கவர்னர் அச்சில் திருகுபோல் வெட்டிய திருகுப்பல்லிலும், அச்சின் முனைகளைப் பிடித்திருக்கும் தாங்கிகளிலும் மெல்லிய எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிட்டு, தட்டை விரலால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும்.

விசை இறங்கிய பிறகு தட்டை இரு கைகளாலும் எதிரெதிர் விளிம்புகளில் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். சில மோட்டார்களில் தண்டின் மேல் ஒரு சிறிய வளையப் பூட்டு இருக்கும். அதை முதலில் கழற்ற வேண்டும். தட்டு ஒட்டிக்கொண்டிருந்தால், ஒருவர் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் தண்டின் தலையில் மரத்துண்டை வைத்து இலேசாகத் தட்டினால் போதும். திருப்புளியை அடியில் கொடுத்து நெம்பினால் தட்டு வளைந்து, பிறகு என்ன செய்தாலும் அது தள்ளாடியே ஓடும். மேற்பலகையின் திருகாணிகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுக்கும்போது, அடியில் இருக்கும் ரப்பர் துண்டுகளை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டால், இறுகிப்போனவற்றுக்குப் பதில் அதே கனத்தில் புதியவற்றை வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஸ்பிரிங் எந்தத் திசையில் சுருண்டிருக்கிறது, டிரம்மின் மூடி எந்த நிலையில் பொருந்தியிருக்கிறது என்பவற்றை நினைவை நம்பி விட்டுவிடக் கூடாது. பல மோட்டார்களில் தண்டின் அடிமுனை ஓர் எஃகுக் குண்டின் மேல் நின்று சுழலும். தண்டை உருவும்போது அந்தக் குண்டு உருண்டோடிவிடாமல் இருக்க, கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து வேலை செய்ய வேண்டும்.

டிரம்மை வெளியே எடுத்து, நடு அச்சைச் சாவி கொடுக்கும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அது ஸ்பிரிங்கின் உள்துளையிலிருந்து விடுபடும். மூடியும் டிரம்மும் சந்திக்கும் இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறிவிட்டு மூடியைத் திறக்கவும். உள்ளே தெரிவதை வைத்துத்தான் அடுத்த முடிவு. கிரீஸ் மிருதுவாகவும் ஸ்பிரிங் முழுசாகவும் இருந்தால், சுருளை வெளியே எடுக்காமல் மேலே சிறிது புதிய கிரீஸ் இட்டு மூடிவிடுவதே நல்லது. கிரீஸ் தார் போல் இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சமாளிக்க நினைப்பது வீண். நெருக்கமான சுருள்களுக்கு இடையே மண்ணெண்ணெய் நுழைந்தாலும் அழுக்கு வெளியே வராது. ஸ்பிரிங்கை எடுத்தே ஆக வேண்டும்.

கனமான தோல் கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் இல்லாமல் இந்தப் படியைத் தொடக் கூடாது. டிரம்மை ஆழமான வாளிக்குள், வாய் கீழ்நோக்கியிருக்கும்படி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குறட்டால் உள்முனையைப் பற்றி ஒன்றிரண்டு சுருள்களை மட்டும் வெளியே இழுக்கவும். அதன் பிறகு ஸ்பிரிங் தானாகவே வெளியேறத் துடிக்கும். ஒரே வீச்சில் பாயவிடாமல், டிரம்மின் வாயை உள்ளங்கையால் அணைத்தபடி சுருள் சுருளாக விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசிச் சுருள்தான் எதிர்பாராத வேகத்தில் வெளியேறும், அதற்காகவே வாளி. பட்டையின் ஓரங்கள் சவரத் தகடு போல் கையைக் கீறக்கூடியவை என்பதால், சுத்தம் செய்து முடிக்கும் வரை கையுறையைக் கழற்றாதீர்கள்.

வெளியே வந்த ஸ்பிரிங்கைத் தரையில் தளரப் போட்டுப் பாருங்கள். உயிருள்ள ஸ்பிரிங் டிரம்மின் விட்டத்தைப்போலப் பல மடங்கு அகலமாக விரிந்து கிடக்கும். டிரம்மைவிடச் சற்றே பெரிய சுருளாகச் சுருண்டு படுத்துவிட்டால் அதன் பதம் போய்விட்டது. அதைக் கொண்டு ஓட்டினால் பாட்டின் கடைசிச் சரணத்தில் சுருதி இறங்கிக்கொண்டே போகும். மண்ணெண்ணெயில் நனைத்த கந்தல் துணியால் உள்முனையிலிருந்து வெளிமுனை வரை துடைத்துக்கொண்டு வரும்போது பட்டையை நேராக நிமிர்த்தக் கூடாது. அதன் இயல்பான வளைவிலேயே வைத்துத் துடைக்க வேண்டும். மேலோட்டமான துருவை மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து எடுக்கலாம்; குறுக்குவாக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் பின்னாளில் பட்டை முறியும் இடமாகும். துரு குழிகுழியாக அரித்திருந்தால் அந்த ஸ்பிரிங்கை மாற்றிவிட வேண்டும்.

உடைந்த ஸ்பிரிங்கைக் காப்பாற்ற முடியுமா என்பது உடைந்த இடத்தைப் பொறுத்தது. வெளிமுனையின் துளையருகே உடைந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சில சென்டிமீட்டர் நீளம் குறைவதால் ஓட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியாது. முனையின் கடைசி 4 அல்லது 5 சென்டிமீட்டரை மட்டும் தீச்சுடரில் செந்நிறம் ஏறும் வரை காய்ச்சி, தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட வேண்டும். அப்போதுதான் எஃகு துளையிடும் அளவுக்கு மிருதுவாகும். வெப்பம் மேலே ஏறாதிருக்க, அதற்கு அடுத்த பகுதியில் ஈரத்துணி சுற்றிவைக்கவும். பிறகு பழைய முனையில் இருந்த வடிவத்திலேயே துளையிட்டு, துளையின் விளிம்புகளை மெல்லிய அரத்தால் வழவழப்பாக்க வேண்டும். பிசிறு ஒன்று விட்டுப்போனாலும் அங்கிருந்தே மறுபடி கிழியும். உள்முனையில் உடைந்திருந்தால் வேலை கடினமானது. அச்சைத் தழுவிப் பிடிக்கும் சிறிய வளைவையும் கையால் உருவாக்க வேண்டியிருக்கும் என்பதால், அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருப்பது நல்லது. நடுவில் உடைந்த ஸ்பிரிங்கை ரிவெட் அடித்து ஒட்டித் தரும் பட்டறைகள் உண்டு. அந்தக் கனம் சுருள்களை நெருங்கவிடாது, சில நாளில் ரிவெட்டின் ஓரத்திலேயே மீண்டும் முறியும். அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

புதிய ஸ்பிரிங் வாங்குவதானால் பெட்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே மாதிரிப் பெட்டியில் காலத்துக்கேற்ப வெவ்வேறு மோட்டார்கள் இருந்திருக்கின்றன. பட்டையின் அகலம், மைக்ரோமீட்டரால் அளந்த கனம், மொத்த நீளம், டிரம்மின் உள்விட்டம், இரு முனைகளின் துளை வடிவம் ஆகிய ஐந்தையும் குறித்து அனுப்ப வேண்டும். கனமான பட்டை போட்டால் இன்னும் வலுவாக ஓடும் என்று எண்ணுவது தவறு. டிரம்மில் அச்சு போக எஞ்சும் இடத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பட்டை நிரப்ப வேண்டும் என்பது கடிகாரத் தொழிலிலிருந்து வந்த கணக்கு. அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் ஸ்பிரிங் தரக்கூடிய சுற்றுகள் குறைந்துவிடும். மேலும், மிகையான விசை கவர்னரையும் பற்களையும் தின்றுவிடும்.

கிரீஸ் விஷயத்தில் நான் பழைய முறையையே பின்பற்றுகிறேன். வாசலினில் நன்றாகப் பொடித்த கிராஃபைட் தூளைக் குழைத்தால் கிடைக்கும் கருஞ்சாந்து, அந்தக் காலத்து நிறுவனங்கள் பயன்படுத்தியதற்கு நெருக்கமானது. வேண்டாமென்றால் லித்தியம் கிரீஸ் போதும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெயைத் தொட்டுப் போடும் பழக்கம் இருக்கிறது. குளிர்ந்த காலையில் உறைந்துவிடும், நாட்பட்டால் பிசினாக மாறிவிடும் அந்த எண்ணெயை மோட்டாரில் எங்குமே விடாதீர்கள். பழுதுக்கு வரும் பெட்டிகளின் தாங்கிகளில் மஞ்சள் நிறப் பிசின் படிந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தாங்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஏற்றது.

ஸ்பிரிங்கைத் திரும்ப டிரம்முக்குள் செலுத்துவதற்குப் பொறுமை வேண்டும். டிரம்மைக் கனமான துணியின் மேல் வைத்து, வெளிமுனைத் துளையைச் சுவர்க் குமிழில் மாட்டி, அது நழுவாதபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, சுவரையொட்டிச் சிறிது சிறிதாகப் பட்டையை உள்ளே தள்ளி, டிரம்மைச் சுழற்றிக்கொண்டே வர வேண்டும். இரண்டு மூன்று சுருள்கள் உட்கார்ந்துவிட்டால் பிறகு எளிதாகிவிடும். ஒவ்வொரு சுருளும் அடிமட்டம் வரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுச்சுருள்கள் கூம்பு போல் மேலெழும்பினால் பட்டை நிரந்தரமாகத் திருகிக்கொள்ளும். புதிய ஸ்பிரிங் கம்பி வளையத்தால் கட்டப்பட்டு வரும். வளையத்தின் அளவு டிரம்முக்குள் நுழையக்கூடியதாக இருந்தால், அப்படியே அழுத்தி உள்ளே இறக்க, வளையம் மேலே தங்கிவிடும். உள்ளே செல்லும்போதே சுருள்களுக்கு இடையில் கிரீஸைத் தடவ வேண்டும். மொத்தமாக இரண்டு மேசைக்கரண்டி போதும். அதற்கு மேல் போட்டால் வெயில் காலத்தில் உருகிப் பல்சக்கரங்களில் வழியும். மூடுவதற்கு முன் அச்சைச் செருகி, சாவி கொடுக்கும் திசையில் குறட்டால் அரைச் சுற்றுத் திருப்பிப் பார்க்கவும். கொக்கி துளையைப் பற்றினால் கையில் உறுதியான இழுப்பு தெரியும். பற்றாமல் வழுக்கினால் உட்சுருளைக் குறட்டால் சற்றே உள்நோக்கி வளைத்துவிடுங்கள். மூடிய பிறகு இந்தக் குறை தெரிந்தால் செய்த வேலையை முழுவதும் மறுபடி செய்ய நேரும்.

பல்சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பல்லின் இடுக்கையும் தேய்த்து, தாங்கித் துளைகளைக் கூர்மையான மூங்கில் குச்சியால் சுத்தம் செய்து, உலர்ந்த பிறகு பற்களில் மெல்லிய கிரீஸும் தாங்கிகளில் ஒரு துளி எண்ணெயும் விட்டால் போதும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் இருந்தால் அவற்றில் மட்டும் பலத்தைக் காட்டாதீர்கள். அந்த உலோகம் வயதானதும் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருக்கும். ஒரு திருகாணியை இறுக்கினாலும் பிளந்துவிடும்.

கவர்னர்தான் மோட்டாரின் நுட்பமான பகுதி. அதற்கு நேரம் ஒதுக்குங்கள். மூன்று தகடு ஸ்பிரிங்குகளையும் ஒவ்வொன்றாக இலேசாக வளைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். திருகாணித் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால் வளைக்கும்போது அதன் வழியே ஒளிக்கீற்று தெரியும். ஒன்றில் வெடிப்பு இருந்தாலும் மூன்றையும் ஒரே கனமுள்ள தகடுகளாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் எடைகள் சமமாக விரியாமல் கவர்னர் அதிரும். மாட்டும்போது எல்லாத் திருகாணிகளையும் முதலில் தளர்வாகப் பொருத்தி, தகடுகள் முறுக்கின்றி நேராக உட்கார்ந்ததை உறுதி செய்த பின்னரே இறுக்க வேண்டும். உரசும் வட்டத்தகடு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். உரசுத் துண்டு காய்ந்து கல்லாகியிருந்தால் அதே அளவில் மென்மையான தோலை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துங்கள். கவர்னர் அச்சின் இரு முனைத் தாங்கிகளில், பல மோட்டார்களில், துளை நடுவில் இல்லாமல் சற்றே விலகியிருக்கும். தாங்கியைத் திருப்புவதால் திருகுப்பல்லும் சக்கரமும் நெருங்கும் அல்லது விலகும். அதிக நெருக்கம் முனகலையும் அதிக இடைவெளி கடகடப்பையும் தரும். அச்சு நீளவாக்கில் ஒரு தாள் கனத்துக்கு ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் மோட்டார் நின்றுவிடும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு முதலில் நாலைந்து சுற்று மட்டும் சாவி கொடுத்து ஓடவிட்டு, ஓசையைக் கேளுங்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி முழுச் சாவிக்கு வாருங்கள். 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் தட்டு சுமார் 234 முறை சுற்ற வேண்டும். முழுச் சாவிக்கு இந்தச் சுற்றுகள் வேகம் குறையாமல் கிடைத்தால் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறது. வேகத்தை ஊசி இசைத்தட்டின் மேல் இருக்கும்போதே அளக்க வேண்டும், ஏனெனில் ஊசியின் உரசல் வேகத்தைக் குறைக்கும். தட்டின் ஓரத்தில் ஒரு தாள்துண்டைச் செருகி, அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணினால் 78 வர வேண்டும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குரிய 77 கோடுகள் கொண்ட வட்டத்தாளைத் தட்டின் மேல் வைத்துப் பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. எல்.இ.டி. விளக்கில் இது பெரும்பாலும் தெரியாது. மிகப் பழைய இசைத்தட்டுகள் எல்லாமே 78 சுற்றில் பதிவானவை அல்ல என்பதால், அவற்றுக்கு வேகக் குமிழை நகர்த்திக் காதால் சுருதி பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு வரும் பராமரிப்பு சிறியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் சாவியை முழுதாக்கிக்கொள்ளுங்கள். கை இறுக்கத்தை உணர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், முட்டும் வரை திணிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி என்ற பழைய வழக்கத்தைக் கைவிடாதீர்கள்; தேய்ந்த ஊசி இசைத்தட்டைக் கெடுப்பதோடு மோட்டாருக்கும் சுமையாகிறது. பெட்டியை நெடுநாள் மூடி வைப்பதானால் தட்டை நிற்கும் வரை ஓடவிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு மூடுங்கள். கவர்னரின் உரசுத் துண்டில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். டிரம்மை "தொம்" என்ற ஓசை மறுபடி கேட்கும் வரை திறக்க வேண்டியதில்லை.